குதிரைப் பொம்மைக்கு நிறம் மாற்ற: துணிச் சாயமா, அக்ரிலிக்கா, ஸ்பிரேயா?

பிளாஸ்டிக் குதிரைப் பொம்மையின் நிறத்தை மாற்றித் தனக்கென ஒன்றைச் செய்துகொள்ள விரும்புகிறவர்கள் பெரும்பாலும் சாயத்திலிருந்துதான் யோசிக்கத் தொடங்குகிறார்கள். எந்தக் கம்பெனிச் சாயம், எந்த நிறம், எங்கே மலிவு என்றெல்லாம் விசாரித்து வாங்கி வந்த பிறகே பொம்மையைக் கையில் எடுத்துப் பார்க்கிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பொம்மை எந்தப் பிளாஸ்டிக்கால் ஆனது, இப்போது என்ன நிறத்தில் இருக்கிறது, வேலை முடிந்தபின் அலமாரியில் நிற்கப் போகிறதா பிள்ளையின் கையில் புழங்கப் போகிறதா என்ற மூன்றும் தெரிந்துவிட்டால், துணிச் சாயமா, அக்ரிலிக் வண்ணமா, ஸ்பிரேயா என்ற தேர்வில் குழப்பத்துக்கு அதிக இடம் இருக்காது.

திருநெல்வேலி வட்டாரத்து வீடுகளில் இரண்டு வகைக் குதிரைப் பொம்மைகளைப் பார்க்கலாம். ஒன்று, வெளிநாட்டில் வேலை பார்க்கும் மாமாவோ சித்தப்பாவோ ஊருக்கு வரும்போது வாங்கி வரும் 'மை லிட்டில் போனி'. அமெரிக்காவின் ஹாஸ்புரோ நிறுவனம் 1982இல் சந்தைக்குக் கொண்டுவந்த பொம்மை இது. 1997, 2003, 2010 ஆகிய ஆண்டுகளில் புதிய தலைமுறைகளாக உருவம் மாறி வந்திருக்கிறது. இவற்றில் சீவி விளையாடுவதற்கென்று முடி வைத்த வழக்கமான பொம்மைகளின் உடல், அழுத்தினால் சற்றே நெகிழும் மென்மையான வினைல். இன்னொன்று, ஆனித் திருவிழாவை ஒட்டி டவுனில் போடும் கடைகளிலும், சீசன் நேரத்தில் குற்றாலத்துச் சாலையோரங்களிலும் உறையில் போட்டுத் தொங்கவிடும் பெயரில்லாக் குதிரை. இது ஊதி வார்த்த மெல்லிய பாலித்தீனாக இருக்கலாம், பாலிபுரோப்பிலீனாக இருக்கலாம், தட்டினால் கணீரென்று ஒலிக்கும் கெட்டியான பாலிஸ்டைரீனாகவும் இருக்கலாம். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் பளபளத்தாலும், சாயத்தின் முன்னால் முற்றிலும் வேறு வேறு பொருள்கள்.

எது எது என்று கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. கழுத்தின் உள்விளிம்பு போன்ற கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பிளேடால் நகக்கண் அளவு ஒரு சீவல் எடுத்து, ஒரு தம்ளர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டுக் கலக்கி, அந்தச் சீவலை விரலால் அமிழ்த்தி விடவேண்டும். திரவம் விடாவிட்டால் நீரின் மேற்பரப்பே சீவலைத் தாங்கிப் பிடித்துத் தவறான விடையைத் தரும் என்பதால் அந்த ஒரு சொட்டு அவசியம். விட்டதும் மேலே எழும்பி மிதந்தால் அது தண்ணீரை விட எடை குறைந்த பாலித்தீனோ பாலிபுரோப்பிலீனோதான். வீட்டில் செய்யக்கூடிய எந்தச் சாயமும் அதில் ஏறாது, வண்ணமும் நிலைத்து ஒட்டாது. நேரே அடியில் போய்ப் படிந்து, பொம்மையும் கைக்கு மெத்தென்று இருந்தால் அது பெரும்பாலும் வினைல். அதன் அடர்த்தி தண்ணீரைப் போல் ஒன்றேகால் மடங்கு வரும். முழுப் பொம்மையைத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பது பயன்படாது, உள்ளே காற்று இருப்பதால் எல்லாமே மிதக்கும்.

பிடரியிலிருந்தும் வாலிலிருந்தும் ஓர் இழை கத்தரித்து இதே சோதனையைச் செய்துவிட வேண்டும். நைலான் முடி மூழ்கும். மலிவுப் பொம்மைகளில் வைக்கும் பாலிபுரோப்பிலீன் முடி மிதக்கும். மூழ்குகிற முடி எல்லாம் நைலான் என்றும் சொல்லிவிட முடியாது, பாலியெஸ்டரும் மூழ்கும். ஆனால் மிதக்கிற முடிக்குச் சாயம் வாங்கிச் செலவழிக்க வேண்டாம் என்பதை மட்டும் இது ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்லிவிடும்.

கடையில் 'துணிச் சாயம்' என்று கேட்டால்

ரத வீதிகளில் உள்ள கடைகளில் போய்த் துணிக்குப் போடும் சாயம் வேண்டும் என்று கேட்டால், "துணிக்கு வரைறதுக்கா அண்ணாச்சி, முக்கி எடுக்கிறதுக்கா?" என்று திருப்பிக் கேட்பார்கள். அது மிகச் சரியான கேள்வி. சேலையில் பூ வரைவதற்கென்று சின்னச் சின்ன புட்டிகளில் விற்கும் 'ஃபேப்ரிக் கலர்' உண்மையில் அக்ரிலிக் வண்ணம்; அது சாயமே இல்லை, துணியின் மேல் படியும் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு. அதைச் சூடான நீரில் கரைத்துப் பொம்மையை முக்குவதில் ஒரு பயனும் கிடையாது. அதை வாங்கினால் தூரிகையோடு அக்ரிலிக் வழியில்தான் போக வேண்டும்.

முக்கி எடுக்கும் சாயங்களிலும் பொம்மைக்கு ஆகாதவையே மிகுதி. பருத்திச் சேலைக்கும் வேட்டிக்கும் போடும் ரியாக்டிவ் சாயம் பருத்தியிலுள்ள செல்லுலோஸோடு வேதிப் பிணைப்பு கொண்டு நிற்பது. 1956இல் இந்த வகை சந்தைக்கு வந்தபோது பருத்தித் துணி வெளுக்காமல் இருக்கப் புதிய வழி கிடைத்தது என்றாலும், வினைலில் அது பிடித்துக்கொள்ளச் செல்லுலோஸே இல்லை. வாட் சாயமும் செல்லுலோஸுக்கானதுதான். அதற்கு வேண்டிய காஸ்டிக் சோடாவையும் ஹைட்ரோ எனப்படும் சோடியம் ஹைட்ரோசல்பைட்டையும் வீட்டில் வைத்துக் கையாளுவது ஆபத்து. பத்தமடைப் பாய்க்காரர்கள் கோரைக்கு ஏற்றும் சிவப்பும் பச்சையும் எவ்வளவு அழகாக நிற்கின்றன என்பதைப் பார்த்து, அதே பொடியைப் பொம்மைக்கும் போடலாமே என்று நினைக்கத் தோன்றும். கோரை ஒரு புல். தாமிரபரணித் தண்ணீரில் ஊறி உப்பி, சாயத் தண்ணீரைத் தன் நாருக்குள் இழுத்துக்கொள்ளும் இயல்பு அதற்கு உண்டு. வினைல் தண்ணீரை உள்ளே விடாத பொருள். எனவே தண்ணீரில் நன்றாகக் கரைகிற எந்தச் சாயத்துக்கும் அதற்குள் போக இயற்கையாகவே நாட்டம் இல்லை.

பொம்மை வேலைக்குப் பொருந்துபவை இரண்டு குடும்பங்கள். உடலுக்கு டிஸ்பர்ஸ் சாயம். நைலான் முடிக்கு ஆசிட் சாயம். பல துணிகளுக்கும் பொது என்று பொட்டலத்தில் அச்சிட்டு விற்கும் 'ஆல் பர்ப்பஸ்' சாயங்களில் பருத்திக்கான சாயமும் நைலான், பட்டு, கம்பளிக்கான ஆசிட் சாயமும் கலந்திருக்கும். அவை முடியை நன்றாகப் பிடிக்கும். வினைலில் சில பொம்மைகளில் மங்கலாக ஏறும், சிலவற்றில் திட்டுத்திட்டாக நிற்கும். உடலுக்காக அவற்றை நம்பி வாங்க வேண்டாம்.

டிஸ்பர்ஸ் சாயம் எப்படி வேலை செய்கிறது

1920களில் அசிடேட் ரேயான் என்ற செயற்கை இழை வந்தபோது, அதுவரை இருந்த சாயங்கள் எதுவும் அதில் ஏறவில்லை. அந்தச் சிக்கலுக்கு விடையாகப் பிறந்த குடும்பம்தான் டிஸ்பர்ஸ் சாயம். பிற்பாடு பாலியெஸ்டர் வந்ததும் அதற்கும் இதுவே சாயமாயிற்று. இது தண்ணீரில் முழுதாகக் கரையாமல் மிக நுண்ணிய துகள்களாக மிதந்து நிற்கும். தண்ணீரோடு ஒட்டாத தன்மையுடையது என்பதால், அதே தன்மையுடைய பிளாஸ்டிக் பக்கத்தில் இருந்து, வெப்பமும் அதை இளக்கிக் கொடுத்தால், சாயம் தண்ணீரை விட்டு விலகிப் பிளாஸ்டிக்குள் புகுந்துகொள்ளும். பாலியெஸ்டர் துணிக்கு இது நன்றாக ஏற அழுத்தக் கலத்தில் 130 டிகிரி செல்சியஸ் வரை போக வேண்டியிருக்கும். பொம்மை வினைலோ மென்மையூட்டி சேர்த்து இளக்கப்பட்ட பொருள். ஆகவே 70 முதல் 80 டிகிரிக்குள்ளாகவே வாயைத் திறந்து சாயத்தை வாங்கிக்கொள்கிறது. வீட்டு அடுப்பில் இந்த வேலை சாத்தியமாவதற்குக் காரணம் இந்த ஒன்றுதான்.

இளஞ்சிவப்புக் குதிரைக்கு நீலச் சாயம் ஏற்றி, அதன் கழுத்து விளிம்பைக் குறுக்கே மெல்லியதாகச் சீவிப் பார்த்தால் விஷயம் கண்ணுக்கே தெரியும். வெளிப்புறத்தில் ஊதா ஒரு கோடாக ஓடும், நடுவில் பழைய இளஞ்சிவப்பு அப்படியே இருக்கும், உட்சுவரில் மறுபடியும் ஊதாக் கோடு. பூச்சாக இருந்தால் அந்தக் கோட்டின் ஓரத்தில் நகத்தை வைத்து நெம்பினால் பெயர்ந்து வரும்; இங்கே நெம்ப ஒன்றும் இல்லை, நிறம் பிளாஸ்டிக்கின் ஒரு பகுதியாகவே ஆகியிருக்கும். அம்பாசமுத்திரத்து மரச் செப்புச் சாமான்களில் கடைசல் சுற்றும் சூட்டில் அரக்கை அழுத்தி ஏற்றுகிறார்களே, அந்த நிறம் எத்தனை அழகாக இருந்தாலும் மரத்தின் மேல் நிற்பது. இது உள்ளே நிற்பது. பிள்ளைகள் கையில் புழங்கப் போகும் குதிரைக்கு நான் டிஸ்பர்ஸ் சாயத்தையே முதலில் பரிந்துரைப்பதற்கு இதுவே காரணம். கால்கள் உரசும் இடத்தில் தேயாது, உரியாது, அச்சில் வார்த்த நுண்ணிய கோடுகள் எதையும் மூடாது, கை வைத்தால் வினைலின் இயல்பான வழுவழுப்பே தெரியும்.

வேலை செய்யும் முறையிலும் சில கட்டாயங்கள் இருக்கின்றன. தலையைக் கழற்றிவிட வேண்டும். கழுத்தைச் சில நிமிடங்கள் வெந்நீரில் அமிழ்த்தி வைத்தால் வினைல் இளகி, பசை போட்டிருந்தாலும் மெதுவாகத் திருகி எடுக்க வரும். தலை இருந்தபடியே முக்கினால் உடலுக்குள் சாயத் தண்ணீர் புகுந்து மாதக்கணக்கில் உள்ளேயே கிடக்கும். 1980களின் பொம்மைகளில் வாலை உள்ளே பிடித்திருக்கும் சிறு உலோக வளையம் துருப்பிடித்து வாலடியைச் செம்பழுப்பாக்கும். தலையும் உடலும் ஒரே கலவை வினைலில் வார்க்கப்பட்டவை என்று சொல்ல முடியாது; ஒரே தண்ணீரில் ஒரே நேரம் கிடந்தும் தலை ஒரு படி கூடுதலாக ஏறுவதுண்டு. இரண்டையும் தனித்தனியே கவனித்துத் தனித்தனியே எடுக்க வேண்டும்.

சமையலுக்கு இனிப் பயன்படுத்தாத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பாத்திரம் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவிட வேண்டும். தண்ணீர் கொதிக்கக் கூடாது. பாத்திரத்தின் அடியில் சின்னக் குமிழிகள் ஒட்டிக்கொண்டு ஆவி பறக்கும் நிலையிலேயே தீயைத் தணித்து, வெப்பமானி இருந்தால் 80 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சாயத்தோடு பாத்திரம் கழுவும் திரவம் ஒரு தேக்கரண்டி சேர்ப்பது, துகள்கள் ஓரிடத்தில் கட்டி தட்டாமல் பரவ உதவும். ஆற்றுத் தண்ணீர் வரும் வீடுகளில் இதற்கு மேல் கவலை இல்லை. ராதாபுரம், நாங்குநேரிப் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் என்றால் பாத்திரத்தில் வெள்ளை படிகிற அளவு உப்பு இருக்கும், அதில் சாயம் திரியவும் செய்யும், ஆகவே குடிநீர்க் கேனிலிருந்து எடுத்துக்கொள்வது நல்லது. முழு உடலையும் போடுமுன் கழுத்தின் உள்விளிம்பை மட்டும் சாயத்தில் சற்று நேரம் காட்டி எடுத்தால் நிறம் எப்படி வருகிறது என்று தெரிந்துவிடும். தலையைப் பொருத்தியபின் அந்த இடம் மறைந்துவிடும் என்பதால் அதைவிடச் சிறந்த சோதனை இடம் வேறில்லை. உடலை மரக்கரண்டியால் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும், அசையாமல் பாத்திரத்தின் அடியைத் தொட்டுக் கிடக்கும் பக்கம் வேறு நிறமாகிவிடும். பத்து நிமிடத்தில் இளம் நிறம் வரும். அரை மணி நேரம் வரை ஆழம் கூடும். எடுக்கும்போது கால்கள் கொழகொழவென்று இருக்கும், அப்போது அழுத்திப் பிடித்தால் விரல் பதிந்த பள்ளம் நின்றுவிடும். இடுக்கியால் தூக்கி, நான்கு கால்களும் நேராக நிற்கும்படி குளிர்ந்த நீரில் வைக்க வேண்டும்.

இதில் சாயத்தால் முடியாதவை எவை என்பதையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சாயம் ஒளி ஊடுருவும் பொருள். அது இருக்கிற நிறத்தோடு சேருமே தவிர அதை மறைக்காது. இளஞ்சிவப்புக் குதிரையை நீலத்தில் போட்டால் ஊதா கிடைக்கும், நீலம் கிடைக்காது. மஞ்சளை நீலத்தில் போட்டால் பச்சை. ஆரஞ்சை நீலத்தில் போட்டால் சேறு கலந்த பழுப்பு. வெள்ளையிலும் வெளிர் சந்தனத்திலும் மட்டுமே பொட்டலத்தில் போட்டிருக்கும் நிறம் அப்படியே வரும். அடர் நிறத்திலிருந்து வெளிர் நிறத்துக்கு வர வழியே இல்லை. பிளீச்சிங் பவுடர் பிளாஸ்டிக்கில் கலந்து வார்த்த நிறமியை எடுக்காது.

அடுத்து, டிஸ்பர்ஸ் சாயம் நைலானிலும் ஏறும் என்பதால் பிடரியும் வாலும் உடலோடு சேர்ந்தே நிறம் மாறும். பழைய முடியை அதே நிறத்தில் காப்பாற்ற வேண்டும் என்றால் இந்த வழி ஒத்துவராது. முடியை முழுவதும் பிடுங்கிவிட்டு, சாயம் போட்டபின் புதிய நைலான் முடியைத் துளைத் துளையாகத் திரும்ப ஊன்ற வேண்டும். அது பொறுமை கேட்கும் வேலை, சாயம் போடுவதைவிடப் பல மடங்கு நேரம் பிடிக்கும். கண்களும் இடுப்புச் சின்னமும் அச்சிட்ட வண்ணங்கள். அவற்றின் மேலும் சாயம் படிந்து கண்ணின் வெள்ளை கலங்கிப் போகும். பாத்திக் துணியில் செய்வதுபோல் மெழுகு பூசிக் காப்பாற்றலாமே என்று சிலர் கேட்கிறார்கள். பாத்திக்கில் குளிர்ந்த நீர்ச் சாயம் போடுவதே மெழுகு உருகக் கூடாது என்பதற்காகத்தான். இங்கே தேவைப்படும் சூட்டில் மெழுகு வழிந்து ஓடிவிடும். கண்ணையும் சின்னத்தையும் கடைசியில் அக்ரிலிக்கால் புதிதாக வரையப் போகிறோம் என்று முடிவெடுத்துக்கொண்டே சாயத்தில் இறங்க வேண்டும்.

அக்ரிலிக் எப்போது சிறந்தது

அடர் நிறத்தை வெளிர் நிறமாக்க, ஒரே உடலில் இரண்டு மூன்று நிறம் கொடுக்க, புள்ளி, கோடு, பூ வரைய, கண் எழுத என்று சாயம் கைவிடுகிற எல்லா இடத்திலும் அக்ரிலிக் துணை நிற்கும். சூடு வேண்டாம், தலையைக் கழற்ற வேண்டாம், தவறினால் துடைத்துவிட்டு மறுபடி தொடங்கலாம், பாளையங்கோட்டையில் எந்தப் பெரிய ஸ்டேஷனரி கடையிலும் கிடைக்கும். தொடக்கத்தில் இருப்பவர்களுக்கு இதுவே பாதுகாப்பான வழி என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் முழு உடலையும் அக்ரிலிக்கால் மூடுவது வேறு விஷயம். சோப்புப் போட்டுக் கழுவி எண்ணெய்ப் பிசுக்கை முழுவதும் எடுத்து, தண்ணீர் கலந்து மெல்லியதாகப் பல பூச்சு கொடுத்து, ஒவ்வொன்றையும் உலரவிட்டு, மேலே அக்ரிலிக் வார்னிஷ் அடித்தாலும்கூட அது மேற்பூச்சுதான். வினைல் வளையும்போது பூச்சில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றும். தலையைத் திருப்பினால் கழுத்து மடிப்பில் முதலில் உரியும். பிடரி ஊன்றிய துளைகளின் ஓரத்தில் தூரிகை போகாமல் பழைய நிறம் எட்டிப் பார்க்கும். அலமாரிப் பொம்மைக்கு இவை குறையே இல்லை, விளையாட்டுப் பொம்மைக்குப் பெரிய குறை.

நான் விரும்புவது இரண்டையும் சேர்ப்பதைத்தான். உடலுக்குச் சாயம், கண்ணுக்கும் சின்னத்துக்கும் அக்ரிலிக், அந்த அக்ரிலிக்கின் மேல் மட்டும் வார்னிஷ். உரியக்கூடிய பூச்சு உள்ளங்கை படாத சிறு இடத்தோடு நின்றுவிடுகிறது.

ஸ்பிரே பெயின்டைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. இரும்புக் கேட்டுக்கும் பைக்குக்கும் அடிக்கும் ஸ்பிரேயிலுள்ள கரைப்பானும் வினைலில் உள்ள மென்மையூட்டியும் ஒன்றோடொன்று சேர்ந்து, பூச்சு உலராமல் பிசுபிசுவென்று நிற்கும். முதல் வாரம் உலர்ந்ததுபோல் இருந்து, பின்பு மென்மையூட்டி மேலே ஊறி வந்து மறுபடி ஒட்டத் தொடங்குவதும் உண்டு. எனாமலும் அப்படியே. கெட்டியான பாலிஸ்டைரீன் பொம்மைக்கு அக்ரிலிக் வகை ஸ்பிரே பொருந்தும், வினைலுக்கு வேண்டவே வேண்டாம். நகப் பாலிஷும் அந்த வரிசையில் சேர்ந்ததுதான். பாலிஷ் எடுக்கும் அசிட்டோன் வினைலையே இளக்கும் என்பதால், பழைய சின்னத்தை அழிக்க அதைப் பஞ்சில் தொட்டால்கூட ஒரு தடவை துடைத்துவிட்டு உடனே தண்ணீரில் கழுவிவிட வேண்டும். மார்க்கர் பேனாவால் வரைந்த கோடு முதலில் கூர்மையாகத் தெரிந்தாலும், அதன் மை வினைலுக்குள் மெல்லப் பரவி ஓரம் கலங்கிவிடும்.

முடியை மட்டும் மாற்றினால் போதுமா

பலருக்குப் போதும். குதிரைப் பொம்மையைப் பார்க்கிறவரின் கண் முதலில் பிடரியிலும் வாலிலும்தான் விழுகிறது. அதன் நிறம் மாறினாலே வேறு குதிரை ஆகிவிடும். நைலான் முடிக்கு ஆசிட் சாயம் மிக எளிது. சூடான நீரில் சாயத்தைக் கரைத்து, சமையலுக்கான வெள்ளை வினிகர் கொஞ்சம் சேர்த்து, தலையைக் கீழாகப் பிடித்து முடியை மட்டும் தொங்கவிட்டால் சற்று நேரத்தில் ஏறிவிடும். வினிகரின் அமிலம்தான் சாயத்தை நைலானோடு பிணைக்கிறது, அதை விட்டுவிட்டால் கழுவும்போது பாதி போய்விடும். கேசரிக்குப் போடும் உணவு நிறங்களும் வேதியியல்படி ஆசிட் சாயங்களே என்பதால், பலசரக்குக் கடைப் பொட்டலம் ஒன்றே நைலான் முடிக்கு நல்ல மஞ்சளையும் ஆரஞ்சையும் தந்துவிடும். வினைல் உடல் இந்தச் சாயத்தை வாங்காது. சிறிது பட்டாலும் உடனே கழுவினால் பெரும்பாலும் போய்விடும். செலவும் ஆபத்தும் குறைந்த இந்த வழியில் தொடங்கி, மனம் நிறையவில்லை என்றால் மட்டும் உடலுக்குப் போகலாம் என்பதே என் ஆலோசனை.

பிள்ளையின் கைக்குப் போகுமுன்

இந்தியாவில் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை 2021 ஜனவரி 1 முதல் கட்டாயம். அந்த முத்திரை தொழிற்சாலையை விட்டு வந்த பொம்மைக்குச் சொன்ன உறுதி. நாம் சாயம் ஏற்றிய பிறகு அந்த உறுதி அதற்குச் செல்லாது. டிஸ்பர்ஸ் சாயங்களில் சில, குறிப்பாகச் சில நீல வகைகள், தோலில் ஒவ்வாமை உண்டாக்கக்கூடியவை. ஆகவே எதையும் வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைக்குச் சாயம் போட்ட குதிரையைக் கொடுக்கக் கூடாது. அக்ரிலிக் பூசியதையும் கொடுக்கக் கூடாது. பெரிய பிள்ளைகளுக்குக் கொடுப்பதானாலும், வெள்ளைத் துணியை நனைத்துப் பொம்மையை அழுத்தித் துடைத்தால் துணியில் நிறம் வராத வரைக்கும் கழுவ வேண்டும். வேலை செய்கிறவர் கையுறை போட்டுக்கொண்டு, சமையற்கட்டை விட்டு வெளியே, காற்றோட்டமான இடத்தில் அடுப்பை வைத்துக்கொள்வது முறை. தீயின் மேல் நேராகவோ மின் அடுப்புப் பெட்டியிலோ (ஓவன்) வினைலைச் சூடாக்கக் கூடாது; அளவுக்கு மீறிச் சூடான வினைல் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை வெளிவிடும்.

சாயம் போட்ட குதிரைக்கு நம் ஊர் வெயில் ஆகாது. ஜன்னலோர வெயிலில் தொடர்ந்து இருந்தால் வெளுக்கும், இளம் நிறங்கள் முதலில் போகும். அடர் நிறக் குதிரையையும் வெள்ளைக் குதிரையையும் ஒட்டி வைத்தால், வினைலிலிருந்து வினைலுக்குச் சாயம் மெதுவாக ஏறி, வெள்ளையில் கறை விழும். அக்னி நட்சத்திர வெக்கையில் இது இன்னும் விரைவாக நடக்கும். ஒவ்வொன்றையும் வெள்ளைக் காகிதத்தில் சுற்றித் தனித்தனியே வைப்பது அவசியம். கறை விழுந்துவிட்டால், மருந்துக் கடையில் பருவுக்கு விற்கும் பென்சாயில் பெராக்சைடு களிம்பை அந்த இடத்தில் மட்டும் தடவி வெயிலில் வைத்துப் பார்க்கலாம். அது கறையோடு பொம்மையின் சொந்த நிறத்தையும் வெளுக்கக்கூடும் என்பதால் அடிக்கடி எடுத்துப் பார்க்க வேண்டும்.

மீந்த சாயத் தண்ணீரை வாய்க்காலிலோ ஆற்றுப் படித்துறையிலோ கொட்டுவதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியாது. பாளையங்கால்வாயில் விட்டது வயலுக்கும் குளத்துக்கும் போய்ச் சேரும். தாமிரபரணியில் விட்டது ஆற்றை நம்பியிருக்கும் ஊர்களின் குடிதண்ணீரில் கலக்கும். அதே சாயத் தண்ணீரில் அடுத்த பொம்மைக்கு இளம் நிறம் போடலாம். அதற்குப் பிறகும் நிறம் இருந்தால், பழைய பாலியெஸ்டர் துணி ஒன்றைப் போட்டுச் சூடாக்கினால் மிச்சத்தில் பெரும்பகுதியை அது குடித்துக்கொள்ளும். தெளிந்த தண்ணீரைக் கழிவுநீர்க் குழாயில் விடலாம், கிணற்றுப் பக்கம் மட்டும் ஊற்ற வேண்டாம்.

மூன்று வேண்டுகோள்கள்

"என் மக ஒன்பதாவது படிக்கா, இந்த வெள்ளைக் குதிரைய மயில் கழுத்து நிறத்துக்கு மாத்தணும்ங்கா" என்று ஒரு மதினி கேட்டால், விடை டிஸ்பர்ஸ் சாயம்தான். வெள்ளை வினைல், அடர் நிறத்தை நோக்கிய மாற்றம், கையில் புழங்கும் பொம்மை என மூன்றும் அதற்குச் சாதகம். நீலத்தில் முதலில் போட்டு, பிறகு சற்று மஞ்சள் சேர்த்த தண்ணீரில் காட்டி எடுத்தால் அந்த நிறத்துக்கு அருகில் வரும். முடியும் கூடவே மாறும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

குற்றாலத்தில் வாங்கிய சிவப்புக் குதிரையைக் கொலுவுக்காக வெள்ளையாக்கித் தரக் கேட்டால், சீவல் சோதனையில் தொடங்க வேண்டும். மூழ்கினால் அக்ரிலிக், அலமாரியில் நிற்கும் பொம்மை என்பதால் அது போதும். மிதந்தால், அதற்குச் செலவிடும் நேரத்தில் காருகுறிச்சியில் ஒரு மண் குதிரை வாங்கி விரும்பிய வண்ணம் தீட்டிக்கொள்ளலாம். மண்ணில் வண்ணம் பிடிப்பதில் எந்தச் சிக்கலும் இல்லை.

மூன்றாவது, 1980களில் யாரோ துபாயிலிருந்து கொண்டுவந்து, அம்மா விளையாடி, இப்போது மகள் கையில் இருக்கும் பழைய மை லிட்டில் போனி. கண்ணும் சின்னமும் முடியும் ஒழுங்காக இருக்கும் அப்படிப்பட்ட பொம்மைக்கு நான் சாயம் போட்டுத் தர மாட்டேன், அக்ரிலிக்கும் பூச மாட்டேன். சாயம் ஏறிவிட்டால் பழைய நிறத்துக்குத் திரும்ப வழி இல்லை. பாத்திரம் கழுவும் திரவம் கலந்த தண்ணீரில் உடலைத் துடைத்து, முடியைக் கழுவி, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுத்துக் கொடுக்கலாம். நிறம் மாற்றியே ஆக வேண்டும் என்றால், முடி கத்தரிக்கப்பட்டு, சின்னம் தேய்ந்து, யாரும் வைத்துக்கொள்ள விரும்பாத இன்னொரு வினைல் குதிரையைத் தேடி வாங்கி, அதில் தாராளமாகச் சாயம் ஏற்றலாம்.